குமரவேல் சாரின் இடது தோள்

குமரவேல் சார் போய்விட்டார்... நேற்று காலையில், சிதம்பரத்தில் அவர் வீட்டிலேயே. நெஞ்சுவலியாம். சாகிற வயசா அது?

நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் செய்கிறாள். கூட வேலை பார்த்தவர்களுக்கு ஷேர் செய்யுங்கள்.

கடலூரில் நான் கான்ட்ராக்ட் ஆளாக இருந்த கெமிக்கல் கம்பெனியில் அவர் இன்ஜினியர். என்னைவிட ரொம்பச் சின்னவர். மற்றவர்களுக்கு நான் 'யோவ் பெரியவரே'. அவருக்கு மட்டும் மாமா.

2006-இல் புகையைக் கழுவுகிற டவருக்குள் புதுத் தகடு இறக்கினோம். நெளிநெளியான தகடுகளை வட்டமாகச் சேர்த்துக் கட்டிய கட்டுகள். ஒரு அடுக்கு கிழக்கு மேற்காக உட்கார்ந்தால் அதற்கு மேல் அடுக்கு தெற்கு வடக்காக உட்கார வேண்டும்.

"எதுக்கு சார் இந்தக் கோணங்கித்தனம்?" என்று கேட்டேன்.

"புகை கீழேர்ந்து ஏறும், தண்ணி மேலேர்ந்து எறங்கும். இப்படி மாத்தி மாத்தி வெச்சாத்தான் தகடு பூரா தண்ணி பரவும். பரவுனாத்தான் புகையில இருக்கிற நெடிய அது வாங்கிக்கும் மாமா. காஞ்ச எடம் இருந்தா, அது வழியா நெடி அப்படியே ஏறி உங்க தெருவுக்குத்தான் வரும்."

எங்கள் தெருவுக்கு என்றால் என் வீட்டுக்காரிக்கு. அவளுக்கு இளைப்பு. கம்பெனிப் பக்கமிருந்து மேல்காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். சாருக்கு அது தெரியும்.

டவரை ஓட்டுவதற்கு முன்னால் வெறும் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். சார் சட்டையைக் கழற்றிவிட்டு, அடியில் இருக்கிற மேன்ஹோல் வழியாக உள்ளே போய்த் தகட்டுக்குக் கீழே நின்றுகொண்டார்!

"ஏன் சார், ஊட்டுல பாத்ரூம் இல்லியா?" வெல்டர் பாஸ்கர் கத்தினான். எல்லோரும் சிரித்தோம்.

உள்ளேயிருந்து குரல்... "சிரிக்காதீங்கய்யா. வலது தோள் நனையுது. இடது தோள் காஞ்சு கெடக்கு."

மேனேஜர் வந்தார். "நாளைக்கு லோடு போவணும். ஒரு தோள் நனைஞ்சா போதும், ஸ்டார்ட் பண்ணுப்பா."

சார் ஈரத் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "அந்தப் பக்கம் ஜனங்க குடியிருக்காங்க சார். நான் ஓட்ட மாட்டேன்."

"அப்ப வேற வேலை தேடிக்க."

சார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

உச்சியில் தண்ணீரைப் பிரித்துவிடுகிற துளைத்தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஏறி மட்டம் பார்த்து உட்கார வைத்தோம். சாயங்காலம் ஆகிவிட்டது. அப்புறம்தான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம்...

"ரெண்டு தோளும் நனையுது மாமா!"

வேலை போகவில்லை. மேனேஜர்தான் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் மேல்காற்று அடிக்கிற நாளெல்லாம், டூட்டி முடிந்ததும் பைக்கை எங்கள் தெருவில் நிறுத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பார்.

"ஏதாச்சும் நெடி வருதா அத்தை?"

"வருதே. கருவாடு வறுக்கிறேன். வந்து ஒக்காருங்க, சாப்ட்டுப் போலாம்."

ஜன்னல் திறந்துதான் இருக்கும்...

இன்றைக்கு அவளும் என்னோடு சிதம்பரம் வந்தாள். குளிப்பாட்டும்போது சாருடைய அண்ணன் என் கையில் சொம்பைக் கொடுத்து, "நீங்களும் ஊத்துங்க மாமா" என்றார்.

இடது தோளில் முதலில் ஊற்றினேன்.

ரெண்டு தோளும் நனைஞ்சிடுச்சு சார்... போய் வாங்க.