யானை வாலும் ஜன்னல் தென்னையும்

கீழ்வீட்டுப் பெண்மேல் எனக்குப் பொறாமை என்று ஒப்புக்கொள்ளவே ஒரு வருடம் ஆனது. நாங்கள் குடியேறிய வங்காள நகரத்தில், டாக்குரியாவில், எங்களுக்கு நேர் கீழே குடியிருக்கும் வங்காளிப் பெண். என்னைவிடச் சின்னவள், குழந்தை கிடையாது. என் மகளுக்கு அவள் காக்கிமா, அதாவது சித்தி. பள்ளி விட்டு வந்ததும் பையை என்னிடம் எறிந்துவிட்டு மகள் கீழே ஓடிவிடுவாள்.

குளிர்காலம் வந்தால் இந்த ஊரே ஆரஞ்சுப் பழமும் கையுமாக மிருகக்காட்சிசாலைக்குக் கிளம்பும். நாங்களும் போனோம், காக்கிமாவும் வந்தாள். விடிகாலையில் எழுந்து நான் கிளறிய புளியோதரையை மகள் தொடவில்லை. காக்கிமா கொண்டுவந்த மைதா பூரியை, அந்த லூச்சியை, வளைத்துக் கட்டினாள்.

யானைக்கு முன்னால் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, அதோட வால் பாரேன். நம்ம ஜன்னல் தென்னை மாதிரியே மெதுவா ஆடறது.”

“வால் ஈ ஓட்ட ஆடறது, மரம் காத்துல ஆடறது. ரெண்டும் ஒண்ணாகுமா? அசடு மாதிரி பேசாதே” என்றேன். எல்லாம் லூச்சிக் கோபம்.

காக்கிமா குனிந்து, “அப்போ நம்ம தெரு ஆட்டோட வால்?” என்று வங்காளியில் கேட்டாள். அது வேகமாக ஆடும், துளசிச்செடி மாதிரி என்றாள் மகள். பெரியதெல்லாம் மெதுவாக ஆடும், சின்னதெல்லாம் வேகமாக ஆடும் என்று கண்டுபிடித்து இருவரும் புதையல் எடுத்ததுபோல் சிரித்தார்கள். அப்புறம் ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம் என்று எந்த வாலுக்கும் மகள் என் கையை இழுக்கவில்லை.

சித்திரையில் ஒரு மாலை புயல்மழை அடித்து ஓய்ந்தது. மகள் கீழே இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டும் இன்னும் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது. அப்படியே அந்த யானையின் வால். நீ சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டால் மறுபடி என் கையைப் பிடிப்பாள் என்று படியிறங்கி ஓடினேன்.

கீழே இருவரும் ஜன்னலோரம் நின்று அதே தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எஷோ தீதி, எஷோ”, வா அக்கா வா என்று காக்கிமா நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அவள் நல்லவளாக இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“கண்ணு, அந்த யானை வால் இருக்கே...” என்று ஆரம்பித்தேன்.

“பேசாதேம்மா, எண்ணிக்கை தப்பிடும்” என்றாள் மகள், திரும்பாமலே.

மரம் எத்தனை தடவை ஆடுகிறது என்று வங்காளியில் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு என்று அவளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவள் நான், இதே தென்னையின் காய்களைக் காட்டி.