லீலா அக்காவின் கூகைகள்

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பிள்ளைக்குச் சளி, இப்போதுதான் கண்ணயர்ந்தாள். வெளியூரில் இருக்கும் உங்களுக்குச் செய்தி எட்டியிருக்காது; விடியும்வரை பொறுக்க எனக்கு மனம் கேட்கவில்லை.

செய்தி வந்தபோது தக்கலையில், தடுப்பூசி வரிசையில் நின்றிருந்தேன். "லீலா அக்கா போயிட்டா மக்கா. தூக்கத்திலேயே" என்று நம் உழவர் குழுவின் மேரி போனில் அழுதாள். நம்ப முடியவில்லை. முந்தின நாள்தான் ஸ்கூட்டரில் மூங்கில் கழிகளைக் கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்துப் பேருந்தையே ஒதுக்கிவிட்டுப் போனார்.

பூதப்பாண்டியில் நாம் கூட்டாகக் கன்னிப்பூ நெல் விதைத்த முதல் பருவம் நினைவிருக்கிறதா? எலி கதிரை அறுத்துத் தள்ளியது. நாம் விஷம் வாங்கக் கிளம்பினோம். அக்காவோ வயல் நடுவே, குறுக்குக் கட்டை வைத்த கழிகளை நட்டார், எலி தின்னும் கூகை ஆந்தை வந்து உட்கார. "எலி பிடிக்க ஆளு போட்டிருக்கேன் ஏட்டி. ராத்திரி வேலை. சம்பளமில்ல, சாப்பாடு மட்டும்."

வரப்பில் நின்ற தாசன் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "சாக்குருவிக்கு நாற்காலியா போடுக? ஊருக்குச் சாவு வரும்."

"அது வராத வருசம் நீரு எத்தன சாவு வீட்டு அடியந்திரத்துல சாப்பிட்டீரு மாமா?"

வரப்பே சிரித்தது. அந்த அறுவடையில் நெல் தப்பியது. நீலக்கோழிகள் வாய்க்கால் ஓரம் கூடு கட்டின. விஷம் வைக்காத வயலின் அரிசி என்று நாகர்கோவில் கடைக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள்.

என் வீட்டுத் தென்னையிலும் கூகை குஞ்சு பொரிக்க அக்கா ஒரு பெட்டி கட்டினார். மகள் பிறந்த புதிதில் ஓர் அந்தியில் அதிலிருந்து ஒரே சீறல். பாம்பென்று அலறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "பாம்பில்ல, குஞ்சுக்குப் பசி. அங்கயும் உன்னப்போல ஒருத்தி தூக்கமில்லாம கிடக்கா."

அடக்கம் முடிந்ததும் தாசன் மாமா சொன்னார்: "கண்டியளா? வளத்தவளையே கொண்டு போச்சு." சிலர் தலையாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கழிகளைப் பிடுங்கிவிட்டு, அடுத்த பருவமான கும்பப்பூ விதைப்புக்கு முன் விஷம் வைப்பதாகப் பேச்சு. விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும். பெட்டியில் இப்போதும் குஞ்சுகள் இருக்கின்றன. என் மகளோ தவழ்கிறாள், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறாள்.

அக்காவின் துணிச்சல் எனக்கு வராது. பயந்தால் ஓடாமல், கிட்டப் போய்ப் பார்க்கும் அவர் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஞாயிறு காலை பிள்ளையோடு அந்த வரப்பில் நிற்பேன். நீங்களும் வருவீர்களா? சீக்கிரம் பதில் போடுங்கள்.