சித்தி ஊதிய மூச்சு

சித்தி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவள் பேசினால், பெஞ்சில் தூங்குகிறவர்கள் கண்ணைத் திறக்காமலே பையை இழுத்து அணைத்துக்கொள்வார்கள். கனவுக்குள் வந்து வழி சொல்லும் குரல் அது. இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே அமிலம் குறைக்கிற வெள்ளை மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொள்வாள். நெஞ்செரிச்சல், உப்புசம், புளித்த ஏப்பம். சாப்பாடு பல வருடங்களாக அவளுக்குப் பகையாளி.

வயிற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் மூச்சுப் பரிசோதனை எழுதினார். மருந்து கலந்த தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு பையில் ஊத வேண்டும். கிருமி இருந்தால் மூச்சே காட்டிக்கொடுத்துவிடும். முடிவு ‘இல்லை’ என்று வந்தது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான் என்பதால் எல்லா மருந்துச் சீட்டும் என்னிடம்தான் வரும். இவனுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை, என்னைத் தவிர. பரிசோதனைச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது.

“அமிலம் குறைக்கிற மாத்திரையை ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்லியிருக்கே சித்தி. நிறுத்தினீங்களா?”

“எப்படிடா நிறுத்துறது? ஊதுறப்ப ஏப்பம் வந்தா என் மானம் என்னாகும்? அன்னைக்குக் காலையிலகூட ஒண்ணு சேத்தே போட்டுக்கிட்டேன்.”

“மாத்திரை உள்ள இருந்தா கிருமி ஒளிஞ்சுக்கும். நிறுத்திட்டு மறுபடி ஊதணும்.”

“ரெண்டு வாரம்! மைக்குல வந்துட்டா?”

சித்தப்பா சிரித்தார். “வந்தா என்ன, ஏதோ வண்டி கிளம்புதுன்னு நாலு பேர் ஓடுவாங்க.”

“முதல்ல உங்க வாய்க்கு ஒரு மாத்திரை தரணும்!”

ஆனாலும் நிறுத்தினாள். ஒரு மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது நிலையமே வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. “கிழக்கே செல்லும் வண்டி...” என்று தொடங்கிய குரல் நின்றது. கூரை முழுக்க ஓர் ஏப்பம் உருண்டு போனது. கண்ணாடிக்குப் பின்னால் சித்தி கண்களை இறுக மூடிக்கொண்டாள். இன்று மாத்திரைக்குத் திரும்பிவிடுவாள் என்றே நினைத்தேன்.

“மன்னிக்கவும். கிழக்கே செல்லும் வண்டி மூன்றாவது நடைமேடையில் நிற்கிறது.”

யாரோ ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது நடைமேடைக்கு நடந்தார்கள். சித்தி தண்ணீர் மட்டும் குடித்தாள்.

இரண்டாவது பரிசோதனையில் கிருமி அகப்பட்டது. மருத்துவர் கிருமிக்கொல்லி மருந்துகளோடு, அவை நன்றாக வேலை செய்வதற்காக, நிறுத்தச் சொன்ன மாத்திரையையும் சேர்த்தே எழுதினார்.

“பாவி, இத்தனை வருஷமா உள்ளயே குடித்தனம் நடத்தியிருக்கு,” என்றாள் சித்தி.

“மருந்து முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு, அது போயிடுச்சான்னு இன்னொரு தடவை ஊதிப் பாக்கணும்மா. அப்பவும் மாத்திரைய நிறுத்தணும்,” என்றார் மருத்துவர்.

“ஊதுறேன் டாக்டர். ஏப்பம் வந்தா அதுவும் வரட்டும்.”