நூறு யூனிட்டுக்குள் ஓர் அம்மா

இட ஒதுக்கீட்டு மறியலில் பஸ் நின்றுவிட்டது. கச்சிராயபாளையத்தில் நண்பன் ஏழுமலை வீட்டுச் சாவுக்கு இன்று மதியம்தான் போய்ச் சேர்ந்தேன்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே அனல் அடித்தது. அவன் அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

ஃபேன் சுவிட்சில் கை வைத்தேன்.

“போடாதடா. வோல்ட்டேஜ் கம்மி. ஃபேன் ஓடுனா பெட்டி கூலாவ மாட்டேங்குது” என்றான் ஏழுமலை.

பக்கத்தில் அவன் சித்தி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

“உசுரோட இருந்தப்ப எங்கக்கா ஃபேனப் போடவே வுடாது. கவருமெண்டு ஓசியா குடுக்குற நூறு யூனிட்டு கரண்டு தாண்டிடும்னு வேத்து வழிஞ்சிக்கினே கெடக்கும். இப்பதான் குளுகுளுன்னு படுத்துக்கினு இருக்குது.”

பெட்டியின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

உங்கள் வீட்டில் அந்த நூறு யூனிட்டைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது யார்? முதலில் அவருக்கு ஃபேனைப் போட்டுவிட்டு வந்து, கமெண்டில் சொல்லுங்கள்.