தம்பியின் சட்டைக்குப் பாரசீகப் பெயர்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் எழுத உட்கார்ந்திருப்பதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் தம்பி சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவன். ஈரான் துறைமுகம் ஒன்றில் கரைக்கு இறங்கியவன் கப்பலுக்குத் திரும்பவில்லை. அவனை வேலைக்கு அனுப்பிய ஏஜெண்ட் எங்களுக்கு அங்குள்ள துறைமுக ஊழியர் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். அவருக்குப் பாரசீகம் மட்டும்தான் தெரியும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் பக்கத்தில் யாரோ அரைகுறை ஆங்கிலத்தில் சொன்ன பிறகுதான் புரிந்தது. போகும்போது என்ன உடுத்தியிருந்தான்?

அதற்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன். புதுச்சத்திரத்தில் நான் வேலை பார்க்கும் லாரி பாடி பட்டறையில், வெல்டிங் சத்தத்துக்கு நடுவே, செல்போன் பாடத்தைக் காதில் வைத்துச் சொல்லிப் பார்ப்பேன். பீராஹன், சட்டை. ஷல்வார், பேண்ட். கஃப்ஷ், ஷூ. கடைசி வீடியோ காலில் நீலச் சட்டை போட்டிருந்தான். நீலத்துக்கு ஆபி.

வீட்டிலும் முணுமுணுப்பேன். தம்பி மனைவிக்கு அப்போது நம்பிக்கை இருந்தது.

"ஏனுங்க மாமா, உங்க பாரசீகத்தக் கேட்டா அவரு வந்த கப்பல்லயே திரும்பி ஓடிருவாருங்க."

"ஓடட்டும் அம்மிணி. மொதல்ல வரட்டும்."

தம்பியின் போட்டோவை அனுப்பினோம். போட்டோ வேண்டாம், துணியைச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. முகம் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அதன் பிறகு அவள் கேலி பேசுவது நின்றுவிட்டது.

ஒரு சாயங்காலம் அந்த ஊழியரே கூப்பிட்டார். பீராஹன் ஆபி என்றேன். "ஸீர்" என்றார். அடியில் என்று அர்த்தம். துணிக்கு அடியில் உடம்பில் என்ன இருக்கும் என்று கேட்கிறார்.

"என்னங்க கேக்கறாங்க?" என்றாள். சொன்னேன்.

"அரணாக்கயிறச் சொல்லிராதீங்க மாமா."

"ஏஞ்சாமி?"

"உசுரோட இருக்கறவங்க இடுப்ப எவனுங்க அவுத்துப் பாப்பான்?"

அவள் எழுந்து உள்ளே போகும்வரை போனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அரைஞாண் கயிற்றுக்கு என் பாடத்தில் சொல் இல்லை. நக் என்றால் நூல், சியாஹ் கறுப்பு, கமர் இடுப்பு. மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உள்ளே அவளுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

மறுநாள் மதியம் அவர் கூப்பிட்டு, அந்த நூல் இருக்கிறது என்றார். நான் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.