பலப்பத்தில் செய்த புரதம்

நான் பத்தாவது படித்தபோது அறிவியல் கண்காட்சிக்கு எனக்கு விழுந்த தலைப்பு புரதம். மற்றவர்களுக்கு எரிமலையும் காற்றாலையும் கிடைத்திருந்தன. எரிமலை என்றால் களிமண்ணைக் குவித்து மேலே சிவப்பு மையை ஊற்றிவிடலாம். புரதத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் ராயபுரத்தில் யாரும் இல்லை. டீச்சரிடம் போய்க் கேட்டதற்கு, "புக்குல இருக்கிற மாதிரி செய்மா" என்று சொல்லிவிட்டு எரிமலையைப் பார்க்கப் போய்விட்டார்.

புத்தகத்தில் இருந்தது இவ்வளவுதான். அமினோ அமிலங்கள் மாலை மணிகளைப் போல வரிசையாகச் சேர்ந்து ஒரு சங்கிலியாகின்றன. அந்தச் சங்கிலி தனக்கே உரிய விதத்தில் மடங்கிச் சுருண்டு ஓர் உருவம் எடுக்கிறது. வேலையைச் செய்வது அந்த உருவம்தான். உருவம் குலைந்தால் வேலையும் நின்றுபோகும். ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் தன் மடிப்புக்குள் இரும்பைப் பத்திரமாக வைத்திருக்கிறது, அந்த இரும்பு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு உடம்பு முழுக்கப் போகிறது.

எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. ஒன்றாவது படித்த தம்பிக்குச் சிலேட்டில் எழுத வாங்கி வைத்திருந்த பலப்பப் பெட்டியை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு உடைத்தேன். வலை பின்னுகிற நைலான் நூலில் அவற்றை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக் கோத்தேன். சாம்பல் பலப்பம் ஒரு வகை அமிலம், ரோஸ் இன்னொரு வகை, பச்சை வேறொன்று. எங்கெங்கே மடங்க வேண்டுமோ அங்கெல்லாம் இழுத்துக் கட்டினேன். அப்பா தன் ரயில்வே பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரும்பு நட்டு நடு மடிப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. நட்டின் ஓட்டைமேல் ஒரு நீலக் கோலி. அதுதான் ஆக்சிஜன்.

மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் கோலி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நட்டு சரிந்திருந்தது. சங்கிலியின் நடுவே சில முடிச்சுகள் காலியாகத் தொங்கின. நேராகத் தம்பியின் காதைப் பிடித்தேன்.

"மாதா சத்தியமா நா தொடலக்கா. உன் பலப்பத்த வெச்சிகினு நா இன்னா பண்ணப் போறேன்?"

திரும்பக் கட்டினேன். மறுநாளும் அதே கதை. மாடலைத் தூக்கி, தம்பிக்கு எட்டாத பீரோ மேல் வைத்தேன். அங்கேயும் முடிச்சுகள் காலியாயின. "எலியா இருக்கும்" என்றார் அப்பா. பொறியில் மசால்வடை வைத்தோம். காலையில் வடை அப்படியே இருந்தது, பலப்பம்தான் குறைந்திருந்தது. வடையைத் தொடாமல், ரோஸையும் பச்சையையும் ஒதுக்கிவிட்டு, சாம்பல் பலப்பத்தை மட்டும் பொறுக்கித் தின்கிற எலியைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

"பொல்லாத எலிடி" என்றாள் அம்மா. "நல்ல வட வேஸ்டாப் பூட்ச்சே."

கண்காட்சிக்கு முந்தின நாள் பள்ளியில் அரை நாளோடு விட்டுவிட்டார்கள். எங்கள் வீடு மாடியில், அடிபம்பு கீழே. நான் வந்தபோது அம்மா தண்ணீர்க் குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். இது அந்த நாட்களில் எனக்கு இருந்த இன்னொரு எரிச்சல். ஏறும்போது, இறங்கும்போது, எப்போது பார்த்தாலும் பாதிப் படியில் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து நறநறவென்று சத்தம் வந்தது. உதட்டோரத்தில் சாம்பல் நிறத்தில் தூள்.

"வாயில இன்னாம்மா?"

"ஒண்ணே ஒண்ணுதான்டி. வாயி நமநமங்குது."

"அது அமினோ அமிலம்மா!"

"இன்னா அமிலமோ, மழ பேஞ்ச மண்ணு கணக்கா கம்முனு கீது. ரோஸு கலருதான் நல்லா இல்ல, பெயிண்டு வாடை."

என் வாழ்க்கையின் முதல் அறிவியல் சொற்பொழிவை அந்தப் படியில் நின்றுதான் ஆற்றினேன், முழுக்கக் கத்தலாக. ஒரு துண்டு போனால் சங்கிலி தளர்ந்துவிடும், தளர்ந்தால் மடிப்பு குலையும், மடிப்பு குலைந்தால் இரும்பு நிற்காது, இரும்பு இல்லையென்றால் ஆக்சிஜன் போய்ச் சேராது.

"சேரலன்னா இன்னா ஆவும்?"

"மூச்சு வாங்கும். மூஞ்சி வெளுத்துப் பூடும். கொஞ்ச தூரம் நடந்தாலே களைப்பா வரும்."

"அய்யோ பாவம்" என்றாள் அம்மா. உண்மையாகவே யாருக்காகவோ வருத்தப்படுகிற முகம். பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்து இரண்டு படி ஏறினாள். குடத்தை இறக்கிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

"வழிய வுடும்மா! எனக்கு வேல கீது!"

கடைக்குப் போய்ப் புதுப் பலப்பம் வாங்கி வந்து விட்டுப்போன இடங்களை எல்லாம் நிரப்பினேன். அன்றிரவு மாடலைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் அம்மா கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு கண்காட்சிக்கு வந்து என் பின்னால் நின்றாள். மார்க் போட வந்தவர் ஒரு டாக்டரம்மா. எரிமலையைத் தாண்டி என்னிடம் வந்து, "இந்த இரும்பு இல்லைன்னா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். காத்திருந்த கேள்வி. மூச்சு வாங்குதல், களைப்பு, வெளுப்பு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை என்னைத் தாண்டிப் போய்விட்டது. நல்ல இடத்தில் கவனம் சிதறுகிறதே என்று குரலை உயர்த்தினேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய் அம்மாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"வேகாத அரிசி, பலப்பம் இந்த மாதிரி ஏதாவது சாப்பிடுறீங்களா?"

அம்மா முதலில் என்னைப் பார்த்தாள். "பாப்பாவோடதுதான் டாக்டரம்மா... கொஞ்சம் துன்னுட்டேன்."

மார்க் போடுகிறவரிடமே போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"எல்லாத்தையும் திருப்பிக் கட்டிட்டேன் டாக்டர்!" என்று நடுவே புகுந்தேன். "ஒண்ணுகூடக் கொறையல. நீங்களே எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, தனக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்காரவைத்தார். அம்மாவும் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுப் படியில் உட்காருவது போதாதென்று இங்கேயும் வந்து, அதுவும் எல்லார் முன்னாலும். எனக்கு ஆத்திரத்தில் காது சூடானது. டாக்டரம்மா குனிந்து அம்மாவின் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நட்டின்மேல் கோலியைச் சரியாக உட்காரவைத்து, மாடலை அவர் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு, இந்தப் பக்கம் எப்போது பார்ப்பார் என்று காத்துக்கொண்டு நின்றேன்.