நைனாவின் தோள்

மாகறல் பள்ளியில் பிரிஸ்கில்லா சத்துணவு சமைக்க ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. எந்தப் பிள்ளை இரண்டாம் தடவை தட்டை நீட்டினாலும் முகம் சுளிக்கமாட்டாள். அப்படிப்பட்டவள் நாற்பத்தைந்து வயதில், பெயர்கூடத் தெரியாத ஒரு குழந்தையைப் பார்த்து வயிறெரிந்தாள் என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் எரிந்தாள்.

அவளுடைய நைனா ஐசக் போன வருஷம் இறந்தார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குத் தெருமுனையில் பேனர் வைக்கவேண்டும். வைக்காவிட்டால் அப்பனை மறந்துவிட்டாள் என்று எங்கள் பக்கம் பேச்சு வந்துவிடும். ஆதார் அட்டையில் அவர் போலீஸ் பிடித்துவந்த ஆள் மாதிரி இருந்தார். நல்ல படம் தேடித்தான் பரண்மேல் கிடந்த மஸ்கட் பெட்டியை இறக்கினாள்.

மகளுக்கு ஒரு வயதானபோது மஸ்கட்டில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போனவர் ஐசக். ஒரேயடியாகத் திரும்பியபோது அவளுக்குப் பதினைந்து. நடுவில் மூன்று முறை லீவில் வந்தார். சாப்பிட்டார், தூங்கினார், போய்விட்டார். அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. அந்த ஊர் வெயில் ஆளை வறட்டிவிட்டது என்பாள் அம்மா சிட்டம்மாள். மகளும் அதை நம்பியிருந்தாள்.

பெட்டியிலிருந்த படங்களில் அந்த வறண்ட ஆள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். தோள்மேல் முதலாளி வீட்டுப் பெண்குழந்தை, ஐந்தாறு வயதிருக்கும். கடற்கரையில், கார் பக்கத்தில், பிறந்தநாள் கேக் முன்னால், எங்கே பார்த்தாலும் அதுதான். எல்லாவற்றுக்கும் அடியில் பிரிஸ்கில்லாவின் படம் ஒன்று. ஆறு வயதில் ஸ்டுடியோவில் எடுத்து அவருக்கு அனுப்பியது. அழுது முடித்த முகம்.

சம்பளத்துக்குத் தூக்கியிருப்பார் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். ஆனால் அது சம்பளத்துக்குச் சிரித்த சிரிப்பில்லை. ஊரார் பிள்ளைகளுக்குத் தினமும் சோறு போடுகிறவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? அந்தக் குழந்தைக்கும் இப்போது இவள் வயதுதான் இருக்கும். எங்கிருந்தாலும் தேடிப்போய் முதுகில் இரண்டு வைக்கவேண்டும் போலிருந்தது.

மறுநாள் உத்திரமேரூர் பஜாரில் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் சுகுமாரிடம் கடற்கரைப் படத்தைக் கொடுத்து, குழந்தையை எடுத்துவிடச் சொன்னாள். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கொழந்த கை ரெண்டும் அவரு முடிக்குள்ள கீதுக்கா. அத எடுத்தா தல மொட்டையாயிடும்."

பிரிஸ்கில்லா பைக்குள்ளிருந்து ஸ்டுடியோ படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அப்ப மூஞ்ச மட்டும் மாத்து."

நினைவு நாளன்று ஜெபம் முடிந்து எல்லாரும் பேனர் முன்னால் நின்றார்கள். ஐசக்குக்கு மகள்மேல் இவ்வளவு உயிரா என்று பேசிக்கொண்டார்கள். அத்தனை பெரிய கடலையும், ஜரிகை கவுனுக்குமேல் இருந்த அழுமூஞ்சியையும் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பிரிஸ்கில்லா வெட்கமே இல்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக சிட்டம்மாள் மெதுவாக நடந்து வந்தாள். ஐசக் ஊர் திரும்பிய அன்றே அந்த மஸ்கட் பெட்டியைத் திறந்து பார்த்தவள் அவள். பேனரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஊருக்கு நடுவில் மானம் போகப்போகிறது என்று பிரிஸ்கில்லா தலையாட்டுவதை நிறுத்தினாள்.

சிட்டம்மாள் மகள் காதருகே வந்தாள்.

"உன்ன மட்டும் வச்சிக்கினியே. பக்கத்துல என்னையும் நிக்க வச்சிருந்தா இன்னா கொறஞ்சி பூட்டிருக்கும்?"